உடைமரத்தடிச் செவலைக் கோழி

மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் மயில் கத்துகிறது. "ஏட்டி, மயிலு வந்து நிக்கு, பாரு" என்கிறார் கணவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்க்கிறேன்.

என் சின்ன வயதில் வள்ளியூருக்குத் தெற்கே எங்களுக்கு விளை என்று ஒரு மானாவாரி நிலமும் அதிலேயே ஓட்டு வீடும் இருந்தன. கடலை விதைக்கப் புதரை வெட்டியபோது பறந்துபோன பெட்டை மயில் திரும்பவே இல்லை. அது விட்டுப்போன நாலு முட்டைகளை அம்மா எடுத்துவந்து, அடைக்குப் படுத்த செவலைக் கோழிக்கு அடியில் வைத்தாள். மூணு வாரத்தில் எழுந்திருக்க வேண்டிய கோழி, மயில் முட்டைக்கு நாலு வாரம் என்று தெரியாமல், கொண்டை வெளிறி, நெஞ்சு இறகு உதிர்ந்து, அம்மா கையில் நீட்டிய கம்பு மணிகளை மட்டும் கொத்திக்கொண்டு அப்படியே கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கிட்டே உட்கார்ந்தால் அதன் சூடு என் கையில் அடிக்கும்.

பொரித்த குஞ்சுகளுக்குக் கறையான் கிளறிக் கொடுத்து, வெயிலுக்குச் சிறகு விரித்து, ரெண்டு வாரம் வளர்த்தது. பிறகு ஒரு சாயங்காலம் நாலும் விருட்டென்று எழும்பி உடைமரக் கிளையில் போய் உட்கார்ந்துகொண்டன. கோழி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டது.

"ஏ மூதி, அதுவ மேலதான் அடையும். நீ பைய வந்து படு" என்று அம்மா அதைத் தூக்கிப்போய்க் கூடையால் மூடினாள். மறுநாளும் அதே நேரத்துக்கு அது மரத்தடியில் நின்றது.

விளை மனைகளாகி, உடைமரம் நின்ற இடத்தில் எல்லைக்கல் நட்டாயிற்று. மயில்கள்தான் ஊருக்குள் வந்து மொட்டைமாடிகளைப் பிடித்துக்கொண்டன. அவை கத்தினால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். என் கண் தரையில்தான் தேடுகிறது.