கடைசிப் பத்து நிமிடம்

முதன்முதலாக நான் போட்டுக்கொண்ட த்ரீடி கண்ணாடிக்கு ஒரு பக்கத்துக் காம்பு கிடையாது. சித்தி அதைத் துப்பட்டா முனையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அம்மாவின் தங்கை அவள். நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தாள். பெரிய மால் ஒன்றின் மல்டிபிளெக்ஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. உடைந்தது என்று கழித்துப்போட்ட கண்ணாடியை எனக்காக எடுத்து வந்திருந்தாள். ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான் மொட்டைமாடிக்கு ஓடி, காம்பில்லாத பக்கத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் யூனிஃபார்ம்கள், எதிர் மாடியில் வெங்காயம் உரிக்கிற ஆன்ட்டி, எல்லாம் இருந்த இடத்திலேயே கொஞ்சம் இருட்டாக இருந்தன. எதுவும் என்மேல் பாய்ந்து வரவில்லை. எனக்கு அழுகை முட்டியது. சித்தி சிரித்தாள். "தியேட்டர்ல காசு குடுத்துப் போட்டுக்கறவனுக்கும் அவ்ளோதான்டி தெரியுது. நீ ஒண்ணும் கொறஞ்சு போயிடல."

சித்தி ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் எல்லாப் படங்களின் முடிவும் அவளுக்குத் தெரியும். அங்கே வேலை நடக்கிற விதம் அப்படி. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே துடைப்பமும் கறுப்புக் குப்பைப் பையுமாகப் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து சுவரோரம் நிற்க வேண்டும். விளக்கு எரிந்ததும் பாப்கார்ன், கப்பு, சிந்திய கோலா எல்லாவற்றையும் எடுத்து, அடுத்த காட்சிக்குக் கூட்டம் வருவதற்குள் துடைத்து முடிக்க வேண்டும். பிறகு அடுத்த ஆடிக்கு ஓட வேண்டும். அரங்கத்தை அங்கே எல்லோரும் ஆடி என்றுதான் சொல்வார்கள். இப்படி ஒரே படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை வாரக்கணக்கில் பார்ப்பாள், நின்றுகொண்டே. விஞ்ஞானப் படங்கள் என்றாலே அவளுக்கு எரிச்சல். வானத்திலிருந்து கப்பல் வந்து ஊரை நொறுக்கும், கட்டடங்கள் சரியும், கடைசியில் கதாநாயகன் புழுதிக்கு நடுவில் ஒருத்தியைக் கட்டிப்பிடிப்பான். "அவன் பாட்டுக்கு ஊரை ஒடைச்சுப் போட்டுட்டு முத்தம் குடுத்துனு நிக்கறான். இதையெல்லாம் எவ கூட்டறது? இன்னும் நூறு வருசம் ஆனாலும் கூட்டறவளைக் காட்ட மாட்டானுங்க போல" என்பாள்.

முடிவு மட்டும் தெரிந்தவளுக்கு ஆரம்பம் தேவைப்பட்டது. அதை அவளே கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி துவைத்துக்கொண்டே எனக்குச் சொல்வாள். அவளுடைய கதைகளில் விண்கலத்துக்குத் தண்ணீர் லாரி வராமல் சண்டை நடக்கும். வேற்றுக் கிரகத்து ராணி வாடகை ஏற்றிவிடுவாள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். என் பங்குக்கு, பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடித்தடியான மாயாஜால நாவல்களைத் தமிழில் அவளுக்குச் சொல்வேன். என் வயதுப் பெண்களுக்காகவே எழுதியவை என்று அட்டையில் போட்டிருக்கும். எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் ஓர் ஏழைப் பெண் இருப்பாள். அரண்மனையில் தரை துடைப்பாள், சாம்பல் அள்ளுவாள். அவளை நம்பி நான் நானூறு பக்கம் போவேன். கடைசியில் அவள் காணாமல் போன அரசகுமாரி என்று தெரியவரும். ஒன்றல்ல, எடுத்த புத்தகம் எல்லாம் இப்படித்தான். மூன்றாவது முறை இப்படி நடந்தபோது சித்தி பிழிந்துகொண்டிருந்த போர்வையைத் தொட்டியில் வீசினாள். "அப்ப தரை தொடைக்கறவ ராஜா வூட்டுப் பொண்ணா இருந்தாதான் கதையா? தொடைக்கறவ தொடைக்கறவளாவே ஜெயிச்சா அவங்களுக்கு இன்னாடி நஷ்டம்?" அந்த நாவலை எழுதியவள்மீது எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

நான் பத்தாவது வந்த வருடம் அந்த ரிப்பன் படம் வந்தது. எரிந்துபோன நகரத்தில் ஒரு பெரிய இரும்பு இயந்திரம் விழுந்து கிடக்கும். ஒரு சின்னப் பெண் அதன் மணிக்கட்டிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்துத் தன் சடையில் கட்டிக்கொண்டு அழுவாள். இது கடைசிக் காட்சி. தினமும் அதைப் பார்த்துவிட்டு வந்த சித்தி ஒரு வாரம் வேறு எதுவும் பேசவில்லை. அந்த ரிப்பனை இயந்திரத்துக்கு யார் கட்டியிருப்பார்கள்? அவள் முடிவே செய்துவிட்டாள். அந்த இயந்திரம் அந்தப் பெண்ணின் வீட்டில் வேலைக்கு இருந்தது. அவளுக்குச் சடை பின்னி, சோறூட்டி வளர்த்தது. வீட்டுக்காரி ஒருநாள் அதைத் துரத்திவிட்டாள். போகிற நேரத்தில் அந்தக் குழந்தைதான் தன் ரிப்பனைக் கட்டிவிட்டது. நான் அழுதே விட்டேன். ஆனாலும் சித்திக்கு நிஜமான ஆரம்பம் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது.

வாரநாள் காலைக் காட்சி. உள்ளே ஆள் அதிகமில்லை. சித்தி கடைசி வரிசை ஓரத்துச் சாய்வு நாற்காலியில், யூனிஃபார்மோடு உட்கார்ந்துவிட்டாள். இடைவேளையில் விளக்கு எரிந்தபோது சூப்பர்வைசர் அவளைப் பார்த்துவிட்டார். தமிழ் ஆள்தான், தனியாக இருக்கும்போது தமிழில் பேசுவார், கஸ்டமர் முன்னால் கன்னடமும் இங்கிலீஷும்தான். "ஏளம்மா, ஏளு" என்று கன்னடத்தில் எழுந்திருக்கச் சொன்னார். அவள் எழுந்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஸ்ப்ரே பாட்டிலையும் துணியையும் அவள் கையில் கொடுத்து, பாப்கார்னோடு திரும்பி வருகிற கஸ்டமர்கள் பார்க்க, அவள் உட்கார்ந்த நாற்காலியை அவளையே துடைக்க வைத்தார். ஒருமுறை துடைத்தபின், போதாது என்று மறுபடியும். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று, அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியிலிருந்து போன் வந்தது.

அன்று மாலை மொட்டைமாடியில் சித்தி சொன்னதை நான் மறக்கவில்லை. வேலை போனதைப் பற்றி அவள் முதலில் பேசவில்லை. "ரிப்பனை எவளும் கட்டலடி. ஃபாக்டரில கட்டி அனுப்பறானுங்க. செவப்பு கட்டினா சண்டை மெஷினு, நீலம் கட்டினா மூட்டை தூக்கற மெஷினு. இன்டர்வெல் வரைக்கும் மீதி முழுக்க அந்த ஹீரோவை, நீதான் ஒலகத்தைக் காப்பாத்தப் பொறந்தவன்னு ஒரு கெழவன் சொல்லினே கீறான். இந்தக் கண்றாவிக்குப் போயி நான் ஒக்காந்தேன் பாரு." பிறகுதான் நாற்காலியைத் துடைத்ததைச் சொன்னாள். சொல்லும்போது கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஏமாற்றம் எது, அவமானம் எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு அன்று தெரியவில்லை. படம் எடுத்தவன், நாவல் எழுதியவள், சூப்பர்வைசர் மூவரையும் ஒரே கூண்டில் ஏற்றி நிற்க வைத்தேன். இன்றுவரை இறக்கவில்லை.

சித்தி பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் படித்து, சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குப் போனேன். என் கோபத்துக்கு அது தோதான வேலை. மற்றவர்கள் செய்ததில் எங்கே ஓட்டை என்று தேடுவதற்குச் சம்பளம். மாலையில் விஞ்ஞானப் படங்களுக்கும் மாயாஜால நாவல்களுக்கும் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுப் பத்தி பத்தியாகத் திட்டி எழுதுவேன். ஆபீஸ் தோழிகள், பிடிக்காவிட்டால் ஏன் பார்க்கிறாய், ஏன் படிக்கிறாய் என்பார்கள். எதிராளி என்ன செய்கிறான் என்று போய்ப் பார்ப்பதில்லையா, அப்படித்தான் என்பேன். அப்போதுதான் அந்த ரிப்பன் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. அதே மல்டிபிளெக்ஸில், த்ரீடியில். சித்தியின் பழைய சிநேகிதி ஒருத்தி மூலம் இன்னொரு சேதியும் வந்தது. அந்த சூப்பர்வைசர் இப்போது அங்கேயே மேனேஜர்.

கடைசி வரிசை ஓரத்து நாற்காலியையும் அதற்குப் பக்கத்து நாற்காலியையும் நான் பதிவு செய்தேன். காலைக் காட்சிதான். சித்தி ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, என் கல்யாணத்துக்கு என்று எடுத்துவைத்திருந்த மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மல்லிகைப்பூ வேறு. வாசலில் மேனேஜரே கண்ணாடி கொடுத்து, "வெல்கம் மேடம்" என்றார். அவருக்கு அவளைத் தெரியவில்லை. பட்டுப்புடவையில் அவளை அவர் ஏன் பார்த்திருக்கப் போகிறார். உள்ளே போய் நாற்காலி முன்னால் நின்ற சித்தி உட்காரவில்லை. உதவிக்கு அழைக்கிற பட்டனை அமுக்கினாள். ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மில் ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள். "நீ வேணாம் கண்ணு, மேனேஜரைக் கூப்பிடு" என்றாள். அவர் வந்தார்.

"யார் யாரோ ஒக்காந்த சீட்டு. தொடைச்சுக் குடுங்க."

அவர் அந்தச் சின்னப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். சித்தி தலையாட்டி மறுத்தாள். "அவ இல்ல. நீங்க தொடைங்க."

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஸ்ப்ரே பாட்டிலை வாங்கிக் குனிந்தார். பாதி துடைத்தபோது அவர் கை நின்றது. நிமிர்ந்து சித்தியின் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு அவர் மீதியைத் துடைத்தார். "இன்னொரு தடவை" என்றாள் சித்தி. இன்னொரு தடவையும் துடைத்தார். பாவமாக இல்லையா என்று இதைக் கேட்ட சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. என் வயிறு குளிர்ந்தது. இப்போது எழுதும்போதும் குளிர்கிறது.

படம் ஓடியது. முதல் படத்தில் ரிப்பன் கட்டிக்கொண்ட சின்னப் பெண் இதில் வளர்ந்திருந்தாள். இயந்திரங்கள் குவிந்த கிடங்கில் எண்ணெய்க்கறை துடைக்கிற வேலை பார்த்தாள். சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது. நம்பினேன் என்றுகூடச் சொல்லலாம். பட்டும் புத்தி வரவில்லை எனக்கு. இடைவேளைக்குப் பிறகு ஒரு கிழவன் வந்து, அவள் அந்த இயந்திரக் கம்பெனி முதலாளியின் பேத்தி என்றான். சித்தி என் கையைக் கிள்ளினாள். வலித்தது.

கடைசியில் வானத்திலிருந்து கப்பல் இறங்கத் தொடங்கியபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது. முன்பு ஓடி வந்த ஹவுஸ்கீப்பிங் பெண் துடைப்பமும் கறுப்புப் பையுமாகச் சுவரோரம் வந்து நின்றாள். கதவைப் பிடித்தபடி மேனேஜரும் நின்றார். சித்தி எழுந்தாள். திரைக்கு முன்னால், கட்டடங்கள் சரிந்துகொண்டிருந்த வெளிச்சத்தில், அவசரமே இல்லாமல் நடந்து கதவருகே வந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மேடம், கிளைமாக்ஸ் இனிமேதான் இருக்கு" என்றார் அவர். பழக்கத்தில் சொன்னாரோ, என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னாரோ.

"தெரியும். நாங்க நின்னுனே நெறைய பாத்துட்டோம். இப்ப நீங்க நின்னு பாருங்க."

வெளியே கண்ணாடிகளைப் போட ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். அதில் உடைந்தது இருந்தால் மேனேஜர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சித்திக்குத் தெரியும். கைப்பையைத் திறந்து, நான் ஏழாவது படித்தபோது கொண்டுவந்த அந்த ஒற்றைக் காம்புக் கண்ணாடியை எடுத்துத் தொட்டியில் போட்டாள். இத்தனை வருடம் அதை வைத்திருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. போட்டிருந்த நல்ல கண்ணாடியைப் பைக்குள் வைத்து மூடினாள்.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அதே தண்ணீர்த் தொட்டிகள், வேறு யாருடையவோ யூனிஃபார்ம்கள், கொஞ்சம் இருட்டாக. இரண்டு காம்பும் காதில் உட்கார்ந்திருந்ததால் கையால் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்த சித்தி கேட்டாள். "எதுனா தெரியுதாடி?"

"ஒண்ணும் தெரியல சித்தி."

"அந்தாளுக்கும் தெரியலல்ல, நான் யாருன்னு. தொடைக்கச் சொன்னப்பறம்தான் தெரிஞ்சுது" என்றாள். அந்த ரிப்பன் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னேன். அவளுடைய ஆரம்பத்தை.