குளிப்புரைக் கதவின் குமிழ்

கடப்பாரையால் கதவைப் பெயர்த்துத் திறந்தபோது, என் மனைவி தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாயோரம் நுரை. வலது கால் மட்டும் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கீலைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நேரத்தைக் குறித்துக்கொள்வது பத்திரிகை நிருபர் வேலையில் பழகிப்போன ஒன்று. அன்று கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திரு-கொச்சி ராஜ்யமாக இருந்த காலம் அது. ஆரல்வாய்மொழிக்கு அருகே வயலோர வீடொன்றில் நானும் மனைவியும், கணவனை இழந்த என் அக்காவும் குடியிருந்தோம். குளிப்புரை வீட்டை ஒட்டி இல்லை. கிணற்றங்கரையில் ஓடு வேய்ந்த தனி அறை.

நாகர்கோவில் மருத்துவர் மருந்து எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "வலிப்பு இனியும் வரலாம். அடுப்பு, கிணறு, உள்தாழ்ப்பாள். மூணையும் பாத்துக்கிடும்."

அன்றே தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஆனால் ஆடி மாதம். கணவாய்க் காற்றுக்குக் கதவு நிற்கவில்லை. திறந்து சுவரில் மோதியது. வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வதாக அக்கா சொன்னாள்.

"மைனி கதவப் பிடிச்சிட்டு நிப்பிய, நான் உள்ள குளிக்கணும். மாட்டக் குளிப்பாட்டுகதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள் மனைவி.

"ஏட்டி, மானத்தவிட உசுரு பெரிசாக்கும்."

"அப்போ மைனி கதவத் தொறந்து போட்டுக் குளியுங்கோ, பாப்போம்."

இரண்டு நாள் அவள் குளிக்கவில்லை.

காற்றுக்குத் திறக்காமலும், உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்கக் கூடியதாகவும் ஒன்று வேண்டும். செய்திக்காகப் போன பங்களா ஒன்றில், குமிழைத் திருகினால் நாக்கு உள்வாங்கும் பூட்டைப் பார்த்திருந்தேன். கோட்டாறு இரும்புக்கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து மரம், பீங்கான், பித்தளை என்று குமிழ்களைப் பரப்பினார்.

"வெள்ளைக்காரன் பங்களாவுக்குள்ள சாமானாக்கும் இது. நம்ம வீட்டுல எந்த அறைக்கு?"

"எழுதுற அறைக்கு" என்றேன்.

பொய். குளிப்புரைக்கு என்றால், தாழ்ப்பாளுக்கு என்ன கேடு என்று கேட்பார். மனைவியின் தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காளுக்கு வலிப்பு என்ற பேச்சு கிளம்பினால் அந்த வீட்டுப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள்.

"எழுதுக கைக்கு மெத்துன்னு இருக்கணும்லா" என்று, மெருகேற்றிய உருண்டைப் பித்தளைக் குமிழை எடுத்துத் தந்தார். இருபுறமும் பலமுறை திருகிப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. வாங்கி வந்து தச்சரைக்கொண்டு பொருத்தினேன்.

அவள் குளிக்கும்போதெல்லாம் நான் செய்தி எழுதுகிற சாக்கில் கையில் காகிதத்தோடு கிணற்றடியில் நிற்பேன். எதுவும் எழுதியதில்லை. செம்பு தொட்டியில் முங்கும் சத்தம், தண்ணீர் தரையில் விழும் சத்தம். இரண்டுக்கும் இடைவெளி நீண்டால் கதவை நோக்கி ஓரடி எடுத்து வைப்பேன்.

"இஞ்ச என்ன செய்தி கிட்டுகு ஒங்களுக்கு? போங்கோ அங்கால" என்று உள்ளேயிருந்து விரட்டுவாள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளி. அக்கா அவள் தலையிலும் முதுகிலும் நல்லெண்ணெயை அரக்கித் தேய்த்தாள். மனைவி கைகாலுக்குத் தானே தேய்த்துக்கொண்டு, அந்தக் கையோடே குமிழைத் திருகி உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டாள். ஒரு செம்புத் தண்ணீர் விழுந்தது. இன்னொன்று. பிறகு குமிழ் லேசாகக் கிரீச்சிட்டது. வெளிவரப் போகிறாள் என்று நினைத்தேன். கதவு திறக்கவில்லை. மறுபடி கிரீச். அப்புறம், ஏதோ பாரமானது விழுந்த ஓசை.

ஓடிப்போய்க் குமிழைப் பிடித்தேன். அவள் கையிலிருந்த எண்ணெய் முழுக்க அதில் இருந்தது. என் கை மட்டும் சுற்றிற்று, குமிழ் அசையவில்லை. கத்தினேன். அக்கா ஓடிவந்து பிடித்தாள். அவள் கையும் எண்ணெய். அவள் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைப் பறித்துச் சுற்றித் திருகினேன். அதுவும் தலை துவட்டி எண்ணெயில் ஊறியது. உள்ளே குதிகால் தரையில் அடித்துக்கொள்ளும் சத்தம் சீராகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அக்காதான் பாத்திரம் தேய்க்க வைத்திருந்த சாம்பலை அள்ளிக் குமிழில் அப்பினாள். "இப்பம் திருகுலே!"

திறந்தது. அவள் குப்புறக் கிடந்தாள். முகம் சாய்ந்திருந்ததால் மூக்கு தரையில் தேங்கிய தண்ணீருக்கு மேலே இருந்தது. ஓரங்குலம் இருக்கலாம்.

மயக்கம் தெளிந்து அவள் பேசியபோது மத்தியானம். "வருகுன்னு தெரிஞ்சு. கண்ணு முன்னால மினுங்கிச்சு. வெளிய வந்துரலாம்னு திருகினேன். வழுக்கிட்டே போச்சு." சற்றுப் பொறுத்து, "பழைய தாழ்ப்பாளுன்னா இழுத்திருப்பேன்" என்றாள்.

பயத்தில் நான் செய்த ஏற்பாட்டுக்குள் அவளை நானே பூட்டி வைத்திருக்கிறேன். அன்று மாலையே குமிழைக் கழற்றினேன்.

மறுவாரம் அவளும் கோட்டாறுக்கு வந்தாள். கடைக்காரர் குமிழைத் திருப்பிப் பார்த்தார். அதன் கழுத்து இடுக்கில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"எழுதுற அறையில என்ன வேய், பாத்திரமா தேய்க்கேரு?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி சொன்னாள்: "குளிப்புரைக்காக்கும் வாங்கினது. எனக்கு வலிப்பு உண்டு. தாழ்ப்பாள் போடப்பிடாது."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது. "ஒரு வார்த்த சொல்லப்பிடாதா வேய்? எண்ணெக் கையில இந்த உருண்ட நிக்குமா? தெரிஞ்சா நான் தருவனா?"

கீழே அழுத்தினால் திறக்கும் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றை எடுத்து வைத்தார். அவள் கூடையிலிருந்து சிறு எண்ணெய்க் குப்பியை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினாள். இறங்கியது. முழங்கையால் அழுத்தினாள். இறங்கியது. அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தங்கையின் வரனைப் பற்றி நான் யோசித்தேன். அவளும் யோசித்திருப்பாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கதவு அடைந்தது. நான் காகிதம் எடுத்துப் போகவில்லை. கைப்பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் வரவில்லை.

"நிக்கியளா?" என்றாள்.

விரட்டப் போகிறாள் என்று நினைத்து, "இல்ல, போறேன்" என்றேன்.

"போகாண்டாம். அங்கயே நில்லுங்கோ."

அதன் பிறகுதான் முதல் செம்புத் தண்ணீர் விழுந்தது.