ஓரகத்தி வீட்டு வெயில்

செஞ்சியில் எந்தெந்த வீட்டு மாடியில் சோலார் பேனல் வைக்கத் தோதுப்படும் என்று கணக்கெடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. டேப் பிடித்து மாடியை அளக்க வேண்டும், நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும், படிவத்தில் ‘தகுதி உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். ‘இல்லை’ என்று போய்விட்டால் அந்த வீட்டை லிஸ்டிலேயே சேர்க்க மாட்டார்கள்.

ஏறின மாடியெல்லாம் ஒரே கதைதான். வாஸ்து பார்த்து, தண்ணீர்த் தொட்டியைத் தென்மேற்கில், கன்னிமூலையில், உசரமாகத் தூக்கி வைத்திருந்தார்கள். மத்தியானம் தாண்டினால் அதன் நிழல் மாடியில் நீளமாகப் படுத்துவிடும். தொட்டியை நகர்த்த முடியுமா என்று கடைத்தெரு மளிகைக்காரரிடம் கேட்டேன். என் குடும்பம் நல்லா இருப்பது உனக்குப் பிடிக்கவில்லையா என்று முறைத்தார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எங்கள் தொட்டிதான் தெருவிலேயே உசரம். தெற்கு வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி மாடி எடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அவளைவிட ஒரு மாற்றாவது மேலே நிற்க வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லித் தூணை ஏற்றிக் கட்டினேன். இப்போது அந்தத் தொட்டி எங்கள் மாடியையே மறைத்துக்கொண்டு நின்றது. என் வீட்டுக்கு என் கையாலேயே ‘இல்லை’ என்று எழுதினேன்.

பிறகு அவள் மாடிக்கு ஏறினேன். கொழுந்தனாருக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. தொட்டியை வடக்கு ஓரமாக, படிக்கட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார். பொட்டு நிழல் இல்லை. மூன்று மணிக்கும் வெயில் கொட்டிக் கிடந்தது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எது நல்லதோ அது அவளுக்குத்தான். மாமியாரின் அட்டிகை, சர்க்கார் உத்தியோகப் புருஷன், இங்கிலீஷ் பேசும் பிள்ளைகள். இப்போது வெயிலுமா? ‘இல்லை’ என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், பக்கத்து வீட்டுத் தொட்டி நிழல் என்று போட்டேன். எங்கள் தொட்டி நிழல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

அவள் மோர் கொண்டுவந்தாள்.

“இன்னாக்கா, எங்க மாடி தேறுமா?”

தேறாது, நிழல் விழுகிறது என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. எங்கே விழுகிறது என்றுகூடக் கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

“போவுது வுடுக்கா. உங்க மாடியிலதான் தொட்டி மறைக்குதே, இங்க போட்டா உங்க ஊட்டுக்கும் ஒரு ஒயர் இழுத்துடலாம்னு அவரு சொல்லிக்கினு இருந்தாரு.”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். படிவத்தை எடுத்து ‘இல்லை’யையும் காரணத்தையும் அடித்துவிட்டு ‘உண்டு’ என்று எழுதினேன். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றேன். அவள் அதையும் நம்பினாள்.

செய்த பாவம் கழிந்தது என்று நிம்மதியாகக் கீழே இறங்கியிருக்கலாம். எங்கே! வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து ஒரு தடவைகூடப் பொறாமைப்பட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.