உன்வெட்டர்

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமானால் அந்த மொழியில் தேர்வு எழுதித் தேற வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நானும் என் தோழியும் எழுதினோம். மற்றதிலெல்லாம் தேறிவிட்டோம். பேச்சுத் தேர்வில் இருவரும் கோட்டை விட்டோம்.

மறுமுறைக்கு, டியூட்டி முடிந்ததும் பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பழகினோம். அவள் அப்பா தறியில் இருப்பார். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டும். அதனாலேயே கூச்சம் போயிற்று.

ஒருநாள் 'உன்வெட்டர்' என்ற சொல் வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் வெட்டர்னா, என் வெட்டர் எங்கடி?"

வெட்டர் என்றால் வானிலை. முன்னால் வரும் 'உன்' பெரும்பாலும் இல்லை என்று மறுக்கும்.

"அப்போ வானிலையே இல்லைன்னு அர்த்தமா? இன்னாடி பாஷை இது!"

போனில் தேடினோம். 'வெட்டர்' காற்று வீசுவதைக் குறித்த பழைய வேரிலிருந்து வந்ததாம். நம் வாயுவும் அதே வேர்தான் என்கிறார்கள். 'உன்' சில சொற்களில் மறுக்காது, கெட்டது என்று சொல்லும். செடிக்கு முன்னால் வந்தால் களை. வானிலைக்கு முன்னால் வந்தால் இடி, மழை, சூறாவளி எல்லாம் சேர்ந்து நாசம் செய்யும் வானிலை.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "நம்ம அகாலம் மாதிரிடி. காலம் இல்லைன்னா சொல்றோம்? ஆகாத காலம்னுதானே சொல்றோம்."

சென்னையில் தேர்வு. எங்கள் இருவரையும் ஜோடியாகவே உட்கார வைத்தார்கள். எனக்கு வந்த தலைப்பு புயலும் வெள்ளமும். எங்கள் காலனிக்குள் தண்ணீர் புகுந்த மழையைச் சொன்னேன். தேர்வாளர் நரைத்த தலை ஜெர்மன்காரர். "புயல் என்றாலே போதுமே, ஏன் உன்வெட்டர் என்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஜெர்மனில் புயலுக்கான சொல் காற்றை மட்டும்தான் குறிக்கும், இது எல்லாம் சேர்ந்தது என்றேன். அகாலத்தையும் விளக்கினேன். போன முறை திக்கிய நாக்கு இந்த முறை எங்கும் நிற்கவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டோனர்வெட்டர்!"

டோனர் என்றால் இடி. நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே சுள்ளென்று வெயில். அவர் சிரித்துவிட்டார். இடிமழைக்கான சொல்தான், பிறகு திட்டுவதற்கு ஆயிற்று, இப்போது அசந்துபோனாலும் அதையே சொல்வோம் என்றார். "நான் திட்டவில்லை, அம்மா."

முடிவு வந்தபோது வார்டில் இருந்தோம். இருவரும் பாஸ். நாங்கள் போட்ட கூச்சலில் ஹெட் நர்ஸ் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் எங்களைக் கட்டிக்கொண்டு அவரும் கத்தினார்.

சாயந்திரம் நான் வீடு போய்ச் சேர்வதற்குள், போனில் சேதி கேட்ட அம்மா குழாயடி முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

"எம் பொண்ணு ஜெர்மன்காரனுக்கே ஜெர்மன் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்குது!"

அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.