ஏழு சிவப்பு அம்புகள்

சட்டை தைக்கிற ஆலையில் பதினேழு வருஷமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறவள் அவள். தைத்து வந்த சட்டையை விரித்துப் போட்டுக் குறை பார்ப்பது வேலை. காலர், தோள், கை, கைப்பட்டி, முன்பட்டி, பை, கீழ்மடிப்பு, அப்புறம் உள்பக்கம் திருப்பிப் பக்கத்தையல். இந்த வரிசை மாறக்கூடாது. ஒரு சட்டைக்கு ஒரு நிமிஷம். தையல் விட்டிருந்தாலோ எண்ணெய்க் கறை இருந்தாலோ, அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருத்தக் கூடைக்குத் தள்ளிவிட வேண்டும். குறை இல்லையென்றால் வலதுபக்கம் பாஸ் கட்டுக்குப் போகும். பாஸ் கட்டுக்குப் போன சட்டையைத் திரும்ப எடுத்துப் பார்க்கிற பேச்சே அங்கே கிடையாது. அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் எந்தச் சட்டையிலும் ஏதாவது தட்டுப்படும். ஒன்றுகூட வாசலைத் தாண்டாது.

அவள் கண்ணுக்கு ஒரு நூல் தப்பாது. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவளும் என்ன என்று கேட்பாள்.

அந்தக் கண் தன் உடம்பின் பக்கம் திரும்பியதுதான் வம்பாகப் போயிற்று.

ஐம்பது முடிந்ததும் மாதவிலக்கு தன் இஷ்டத்துக்கு வர ஆரம்பித்தது. இரண்டு மாதம் வராது, வந்தால் பத்து நாள் போகாது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டாள். ஆனால் மற்றதெல்லாம் சேர்ந்து வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி சூடு கிளம்பும். கழுத்தில் ஏறும், காதில் ஏறும், முகம் வெந்து, முதுகில் தண்ணீர் ஓடி, பிறகு சில்லென்று ஆகிவிடும். அதோடு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இடது கை மதமதக்கும். முழங்கால் குடையும். தூக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. காலையில் எழும்போதே முழுநாள் வேலை பார்த்து முடித்த அலுப்பு. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு வாரம் அந்த உடம்பைச் சுமந்து பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், கேட்கலாம்.

அலுப்பையாவது தாங்கிக்கொள்வாள். தாங்க முடியாதது பயம். அவள் அம்மா ஐம்பத்தோரு வயசும் நாலு மாதமும் ஆனபோது, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே நெஞ்சு என்னமோ பண்ணுது என்று சுவரில் சாய்ந்தவள். அதற்கு மேல் பேசவில்லை. மடிக்காத துணி அப்படியே மடியில் கிடந்தது. இப்போது மகளுக்கு ஐம்பத்தொன்று நடக்கிறது. அந்த நாலு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று அவள் விரல்விட்டுப் பார்த்து வைத்திருந்தாள். அம்மா போன வழியில்தான் தானும் போகப்போகிறோம் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கேட்க வேண்டியதை டாக்டரிடம் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே என்பதுதான் நடுக்கம்.

ஒரு தடவை தெருமுனை கிளினிக்குக்குப் போனாள். எங்கே என்ன செய்கிறது என்று அந்த டாக்டர் தலையைத் தூக்காமலே கேட்டார். உடம்பு பூராவும் என்றாள். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வந்து காதைப் பொத்திக்கொண்டு உட்காருகிற மனுஷனிடம் இதையெல்லாம் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் ஜன்னலைத் திறப்பாள், அவர் மூடுவார். போர்வையை உதறித் தள்ளுவாள், அவர் எடுத்துப் போர்த்துவார். தன்மேல் ஏதோ கோபம் என்று அவராக நினைத்துக்கொண்டு, ஒரு வாரம் யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவினார். அதுவும் அவளுக்கு ஒரு எரிச்சல், ஏனென்றால் அவர் கழுவினதை அவள் மறுபடி கழுவ வேண்டியிருந்தது.

ஆலையில் சுவர்க் கடிகாரம் எதற்கு இருக்கிறது? சட்டைக்கு நிமிஷம் பார்க்க. அவள் அதை வைத்து நாடி பார்க்கத் தொடங்கினாள். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும், கண் முள்ளின் மேல் இருக்கும், சட்டை தானாக நகரும். அப்படி ஒருநாள் வலதுபக்கம் பை வைத்துத் தைத்த சட்டை ஒன்று அவள் மேஜையைத் தாண்டிப் பாஸ் கட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. நூலைப் பிடிக்கிறவள் ஒரு பையையே விட்டுவிட்டாள். பெட்டியில் அடுக்கும்போது அது கண்ணில் பட்டு, எடுத்துக்கொண்டு வந்த மேற்பார்வைக்காரர் திட்டவில்லை. சட்டையைத் தன் மார்பில் வைத்து, இல்லாத பேனாவை இடதுபக்கம் செருகிக் காட்டினார். கூடமே சிரித்தது.

சிரிக்காதவள் ஒருத்திதான். பக்கத்து மெஷினில் பட்டன் வைக்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, ஒரு மாசமா பாக்குறேன். கையை எதுக்கு இப்படிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க? ஓடியா போயிடும்?"

அப்போதுதான் அவள் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். அம்மாவைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள். சொல்லும்போதே சூடு கிளம்பி முகமெல்லாம் சிவந்துபோயிற்று. பட்டன்காரி தன் துண்டை நனைத்து அவள் கழுத்தில் வைத்தாள். தன் பெரியக்காவும் இரண்டு வருஷம் இந்தப் பாடுதான் பட்டாள் என்றாள். ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு நிற்பாளாம். வீட்டில் எல்லோரும் அவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று நினைத்து ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வாங்குகிற வரைக்கும் போய்விட்டார்களாம்.

"இது வயசோட விஷயமாவும் இருக்கும், நெஞ்சு விஷயமாவும் இருக்கும். அதை நீங்களும் நானும் குழாயடியில நின்னு முடிவு பண்ண முடியாதுக்கா. போய்ப் பாருங்க."

பட்டன்காரியே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டரிடம் நாள் வாங்கிக் கொடுத்தாள். விஷயம் வீட்டுக்காரருக்கும் தெரிந்தது. பஸ்ஸை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றார்.

கிளம்பும் முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். போன தடவை டாக்டர் கேட்டபோது இடம் சொல்லத் தெரியாமல் முழித்தது அவள் மனதில் முள்ளாகக் கிடந்தது. குறை இருக்கிற இடத்தைக் காட்டாவிட்டால் எந்தத் திருத்தக்காரிக்குத்தான் தெரியும்? குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆலையிலிருந்து கைப்பையோடு வந்துவிட்ட ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். காலரில் தொடங்குகிற மாதிரி கழுத்தில் தொடங்கினாள். பின்கழுத்தில் ஒன்று, இடது தோளில் ஒன்று, இடது நெஞ்சில் ஒன்று, விலா எலும்புக்குக் கீழே ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, அடிவயிற்றில் ஒன்று, முழங்காலில் ஒன்று. ஏழு அம்பு. எல்லாவற்றுக்கும் மேலே உடுப்பைப் போட்டுக்கொண்டு, முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி போய் உட்கார்ந்தாள்.

பெண் டாக்டர் அவசரப்படவில்லை. மாதவிலக்கு எப்போது கடைசியாக வந்தது, சூடு எத்தனை நேரம் நிற்கிறது, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் நெஞ்சை முதலில் பார்த்துவிடுவோம் என்று இ.சி.ஜி. அறைக்குக் கூட்டிப் போனார். அங்கே படுக்கச் சொல்லி மேல்துணியை விலக்கின நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் குனிந்து பார்த்தார்.

"அம்மா, இது என்னது?"

"குறை இருக்குற இடம் டாக்டர். சொல்ல வராதுன்னு ஒட்டிக்கிட்டு வந்தேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு அம்பாக விரல் வைத்து, இங்கே எப்படி வலிக்கிறது, நடந்தால் கூடுகிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உரித்தார். உரித்த இடத்தில் நர்ஸ் தன் ஒட்டுகளை ஒட்டினாள். மெஷின் கட்டம் போட்ட தாளைத் துப்பியது. அந்தத் தாள் வெளியே வந்து முடிகிற நேரத்தில், அவள் மேல்கூரையைப் பார்த்தபடி, வாஷிங் மெஷினில் போட்ட துணியை எடுக்காமல் வந்துவிட்டோமே, அதை யார் மடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

நெஞ்சு நன்றாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், மூன்றாம் நாள் மறுபடி வரச்சொன்னார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது இதுதான்: மாதவிலக்கு நிற்கிற காலத்தில் உடம்புக்குள் ஹார்மோன் சுரக்கிறது குறையும், சூடும் படபடப்பும் குடைச்சலும் தூக்கமில்லாததும் அதனால் வருகிறவை, பயந்தால் படபடப்பு இரட்டிப்பாகும், படபடப்பைக் கண்டு பயம் இரட்டிப்பாகும். வெறும் கற்பனை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம். நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி வலித்தாலோ, தாடைக்கோ கைக்கோ பரவினாலோ யோசிக்காமல் ஓடி வரவேண்டும் என்றார். சூட்டுக்கு மருந்து இருக்கிறது, வேண்டுமென்றால் தொடங்கலாம் என்றார். கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள்.

இ.சி.ஜி. எடுத்த அன்று திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் அவளுக்குப் பின்சீட்டில் இடம் பிடித்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவளின் கழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"இந்தா, பின்னாடி ஒரு அம்பு ஒட்டியிருக்கு. உன்னைத் திருத்தத்துக்கு அனுப்பிட்டாங்களா?"

அவர் அதை உரித்துத் தன் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டார். அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. ஜன்னலை அவரே திறந்துவிட்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆகவில்லை. டாக்டர் எல்லாம் சொல்லி அனுப்பிய இரண்டாம் நாளே கை மணிக்கட்டுக்குப் போய்விட்டது. மெஷின் தப்பாக ஓடியிருந்தால்? தாள் வேறு யாருடையதாகவாவது இருந்தால்? கண் கடிகாரத்துக்குப் போனதைப் பட்டன்காரி பார்த்துவிட்டாள். பல்லில் நூலைக் கடித்தபடியே சொன்னாள்:

"அக்கா, பாஸ் கட்டுல கை வைக்கக்கூடாது. சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே."

அந்தப் பேச்சு அவளுக்குள் போய்த் தங்கியது. காலையில் பல் விளக்கினதும் ஒரு நிமிஷம், வரிசைப்படி, கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரு பார்வை. டாக்டர் சொன்ன மாதிரி அழுத்துகிற வலி இருக்கிறதா? இல்லை. பாஸ். அதற்கப்புறம் எடுத்துப் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்றால், சில நாள் இரண்டு தடவை பார்த்தாள், ஒரு நாள் ஆறு தடவை பார்த்தாள். அப்புறம் குறைந்தது. சூடு மட்டும் குறையவே இல்லை. அடுத்த தடவை போகும்போது அந்த மருந்தைக் கேட்டு வாங்கிவிடுவது என்று தீர்மானித்தாள்.

விரல்விட்டு வைத்திருந்த அந்தத் தேதி ஒரு வியாழக்கிழமை வந்தது. லீவு போட்டுவிடு என்றார் வீட்டுக்காரர். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு வேலையே தேவலை என்று போய்விட்டாள். பத்து மணிவாக்கில் சூடு ஏறிற்று. நெஞ்சு ஓடத் தொடங்கியது. கைகள் ஒன்றையொன்று தேடின. அவள் இரண்டு கையையும் விரித்துச் சட்டையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். வேர்வை காலரில் சொட்டிவிடக் கூடாதே என்று முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் பட்டன் மெஷின் நின்றுபோயிருந்தது. அவளுக்குச் சூடு இறங்குகிறவரை பட்டன்காரி ஒரு பட்டன் வைக்கவில்லை.

இறங்கிற்று. சில்லென்று ஆயிற்று. அவள் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பக்கத்தையலைப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. கொடியில் துணி காய்ந்து கிடந்தது. எடுத்து வந்து கட்டிலில் போட்டு உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் எதிரே வந்து உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் மடித்ததெல்லாம் கோணல். அவள் பார்த்தாள், பிரித்து மறுபடி மடிக்க வேண்டும்போல் இருந்தது. விட்டுவிட்டாள். கடைசித் துண்டுவரை மடித்து அடுக்கி முடித்துவிட்டு, அலுப்பாக இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.