அக்காவின் தகட்டில் நான் போட்ட ஓட்டைகள்

கணினித் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு தகடு, அதில் வெள்ளை வெள்ளையாக ஏழெட்டு ஓட்டைகள். அந்தப் படத்தைக் காட்டி நான் சொன்னது இன்னும் என் காதிலேயே கிடக்கிறது. "உங்க தகடு சரியில்லக்கா." சொல்லிவிட்டு ஜம்மென்று டீ குடிக்கப் போனேன். என் வாய்க்கு அன்று யாராவது பூட்டுப் போட்டிருக்கலாம்.

உடன்பிறந்த அக்கா இல்லை. தஞ்சாவூரில் ஒரே பேராசிரியரிடம் நாங்கள் இருவரும் முனைவர் பட்ட ஆய்வு செய்தோம். வேளாங்கண்ணிக்காரரான அக்கா எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவர். கிராஃபீன் என்று ஒன்று உண்டு. கரி அணுக்கள் வலைபோலப் பின்னிக்கொண்ட, ஓர் அணு கனமே உள்ள தகடு. அதைச் செய்வது அக்காவின் வேலை, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுப்பது என் வேலை. ஊரில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். அக்காவைக் கொரியாவில் ஓர் ஆய்வகம் கூப்பிட்டிருந்தது. ஓட்டையில்லாத தகட்டின் படத்தை அனுப்பினால்தான் இடம் என்றும் சொல்லியிருந்தது.

அந்த நுண்ணோக்கி பல துறைகளுக்குப் பொது. எங்கள் முறை மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டே மணி நேரம். நானோ கீழ்வேளூர்க்காரி, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. வாய்க்காலில் எங்கள் முறை வந்தால் மடையை முழுசாகத் திறந்துவிடுவோம். அடுத்த முறை வருமோ வராதோ என்ற பயம்தான். கூலி வேலை செய்து ஆறு மா நிலம் வாங்கிய அப்பா, "தொறந்தா முழுசா தொறந்துடணும்" என்பார். நுண்ணோக்கியிலும் நான் அதையேதான் செய்தேன். இரண்டு லட்சம் வோல்ட் வைத்து, எலக்ட்ரான் கதிரை ஒரே இடத்தில் குவித்து, படம் பளிச்சென்று வரும்வரை விடமாட்டேன். முதலில் எடுத்த மங்கல் படங்களை யாரிடமும் காட்டியதில்லை.

நான்கு மாதமும் ஓட்டைதான். செய்முறையே தவறு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அக்கா ஒவ்வொரு மாதமும் முதலிலிருந்து தொடங்கித் தகடு செய்தார், பாவம். கொரியாக்காரர்கள் மாதக் கடைசி வரைதான் காத்திருப்பதாக எழுதிய அன்று அக்கா என் மேசைக்கு வந்தார்.

"நீ எடுத்த எல்லாப் படத்தையும் நேர வரிசையா போட்டுக் காட்டுடி."

போட்டேன். முதல் படம் மங்கல், ஓட்டையே இல்லை. நான்காவதில் ஒன்று. பன்னிரண்டாவதில் எட்டு. நான்கு மாதத் தகடுகளிலும் இதே கதைதான். அவ்வளவு வேகத்தில் பாய்ந்த எலக்ட்ரான்கள் கரி அணுக்களை மோதி வெளியே தள்ளியிருக்கின்றன. ஓர் அணு போனதும் பக்கத்து அணுக்களுக்குப் பிடிமானம் குறைந்து அவையும் கழன்றிருக்கின்றன. பார்க்கிறேன் பேர்வழி என்று நான்தான் கிழித்துக்கொண்டிருந்தேன்!

வெளியே சொன்னால் என் நான்கு மாத அறிக்கைகளும் குப்பை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். "சார், ஓட்டை அக்காவோட தகட்டுல இல்ல. நான் போட்டது." அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எண்பதாயிரம் வோல்ட்டுக்குக் குறைத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு, "ஏம்மா, இதே ஓட்டைய வேணும்னே, நமக்கு வேணுங்கிற எடத்துல போட முடியுமா?" என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்குப் பட்டம் வாங்கித் தந்தது. இன்று எனக்குச் சோறு போடுவதும் அதுதான். அணு விட்டுப்போன இடத்தில் வேறோர் அணு வந்து உட்காரும், தகட்டின் குணமே மாறும். காற்றில் கலந்த நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு அப்படிப்பட்ட தகடு உதவும். இப்போது எண்ணி எண்ணி ஓட்டை போடுகிறேன்.

ஆனால் அந்த மாதக் கடைசியில் அக்காவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு தகடு. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் பக்கத்துத் துறையில் இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா தகட்டை என் கையில் வைத்தார்.

"வேணாங்க்கா. அவங்கள எடுக்கச் சொல்லுங்க. நான் இதையும் கிழிச்சுடுவேன்."

"நீயே எடுடி. எவ்வளவு நேரம் பாத்தா கிழியும்னு உன்ன விட யாருக்குத் தெரியும்?"

வோல்ட்டைக் குறைத்தேன். தள்ளி ஓர் ஓரத்தில் கூர்மையைச் சரிசெய்துகொண்டு, நல்ல இடத்துக்கு நகர்த்தி, ஒரே படம் எடுத்து, கதிரை அடைத்துவிட்டேன். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஓர் ஓட்டைகூட இல்லை, கொரியாவுக்கு அது போதும். இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கை பரபரத்தது. எடுக்கவில்லை. எங்கள் முறையில் இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் பாக்கியிருந்தது. இருவரும் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.