தயாளனின் முதல் கேசட்டும் 'ரா' என்ற சொல்லும்

"சார், 'ரா'ன்னா திட்டா, பாராட்டா?"

ஸ்டாஃப் ரூமில் என்னிடம் இப்படிக் கேட்ட கணக்கு வாத்தியார் தயாளன் இன்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பு... ஓய்வு பெறவே இன்னும் சில வருடங்கள் இருந்தன.

அவர் அப்படிக் கேட்டது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். பகலில் அல்ஜீப்ரா, சாயங்காலம் எலெக்ட்ரிக் கிதார். நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்து நண்பர்கள் மூவரோடு 'நாடா' என்று ஒரு ராக் பேண்ட். தறியில் ஓடுவதும் நாடா, கேசட்டுக்குள் ஓடுவதும் நாடா என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்.

டிரம்மர் பாபு வீட்டுப் பின்கட்டில் பிராக்டிஸ். ஒருமுறை நானும் போயிருந்தேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஏம்பா, பவர்லூம் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

முதல் ஆல்பம் கேசட்டாக வந்தது. விமர்சனம் நன்றாக இருந்தால் நால்வரும் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போவதாகத் திட்டம். அதனால் தினமும் ஆங்கிலப் பேப்பரை முதலில் பிரிப்பவர் தயாளன்தான்.

கடைசியில் வந்தேவிட்டது. சில வரிகள்தான். அதில் அவர் விரல் வைத்துக் காட்டிய சொல்... 'ரா' (raw).

நான் ஆங்கில வாத்தியார். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. "மாங்காகூட ரா தான் தயாளன். மொளகாத்தூள் தொட்டுத் தின்னும்போது யாரு குறை சொல்றா? பாராட்டுதான்பா" என்றேன்.

மறுநாள் முகம் வாடி வந்தார். அவர் அப்பாவுக்குச் சாயப்பட்டறை. அந்த வீட்டில் ரா என்றால் பசை நீக்காத, சாயம் ஏற்றாத பட்டுநூல். வேறு அர்த்தமே கிடையாது.

"என்னாடா இது, சாயம் போடாமலே கடைக்கு எடுத்துக்கினு போயிட்டீங்களா? பேப்பர்காரனுக்கே தெரிஞ்சு போச்சுதே!" என்று அப்பா சிரித்தாராம்.

தயாளன் சிரிக்கவில்லை. "அவரு சொல்றது சரின்னா நாங்க இன்னும் ரெடி ஆகல சார். நீங்க சொல்றது சரின்னா நாளைக்கே கெளம்பலாம்."

இன்னொரு விமர்சனம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். வரவில்லை... முழுப் பரீட்சை வந்தது, பேப்பர் திருத்தும் வேலை வந்தது, பாபுவுக்குக் கல்யாணம் வந்தது.

கொஞ்ச நேரம் முன்பு அந்த பாபுதான் போன் செய்தார். "சார், எடுத்துக்கினு போறப்ப எங்க பாட்டப் போடணும்னு தயா சம்சாரம் சொல்லுது. தெரு ஜனம் என்னா சொல்லுமோன்னு பயமா இருக்குது. ஒரே கத்தலா இருக்குமே சார்..."

போடுங்கள் என்றுதான் சொன்னேன். சொன்னதிலிருந்து எனக்கும் படபடப்பாகத்தான் இருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்.

போய் வாருங்கள் தயாளன்.

வருகிறவர்களுக்கு ஒன்று: பாட்டுப் போட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, கடைசி வரை கேளுங்கள்.